மகள் சரியாகத்தான் வகுத்திருக்கிறாள், ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டாள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு செவ்வக நிலத்தின் பரப்பு க³ − 7க + 6 சதுர மீட்டர், அகலம் க − 2 மீட்டர், நீளம் என்ன என்று ஒரு கணக்கு. தொகுமுறை வகுத்தலில் (எண்களை மட்டும் எழுதி வகுக்கும் சுருக்குவழி) அவளுக்கு ஈவு க − 5, மீதி −4 வருகிறது, நான் போட்டாலும் அதேதான். விடைப்பக்கத்தில் க² + 2க − 3 என்று இருக்கிறது. எங்கே தப்பு? (எக்ஸ் என்று இருந்ததைக் க என்று எழுதியிருக்கிறேன்.)

பதில்: நீங்கள் இருவரும் கெழுக்களை, அதாவது உறுப்புகளின் எண்களை, 1, −7, 6 என்று எழுதியிருப்பீர்கள், அப்படி எழுதினால்தான் உங்கள் விடை வரும். கோவையைப் பாருங்கள், க³ இருக்கிறது, அடுத்து நேராக 7க வந்துவிடுகிறது, நடுவில் க² இல்லை. இல்லாத உறுப்புக்கும் இடம் விட வேண்டும். நூற்று ஐந்தை எழுதும்போது பத்தாம் இடத்தில் பூச்சியம் போடுகிறோமே, போடாவிட்டால் அது பதினைந்தாகிவிடும், இங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது.

சரி, இப்போது 1, 0, −7, 6 என்று எழுதி, இடப்பக்கம் 2 வையுங்கள் (க − 2 = 0 என்றால் க = 2). 1 அப்படியே கீழே இறங்கும். இரண்டால் பெருக்கி அடுத்ததோடு கூட்டினால் 2, மறுபடி பெருக்கிக் கூட்டினால் −7 + 4 = −3, கடைசியில் 6 − 6 = 0. ஈவு க² + 2க − 3, மீதி இல்லை.

அவள் விடை தவறு என்பது விடைப்பக்கம் பார்க்காமலே தெரிந்திருக்கும், அவளுக்கு முக்கியமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாம் படிக் கோவையை ஒன்றாம் படிக் கோவையால் வகுத்தால் ஈவு இரண்டாம் படியாகத்தான் இருக்க முடியும், க − 5 வந்ததுமே நின்றிருக்கலாம். அப்புறம், எனக்குப் பிடித்த சோதனை, க = 10 என்று போட்டுப் பார்ப்பது: பரப்பு 1000 − 70 + 6 = 936, அகலம் 8, நீளம் 100 + 20 − 3 = 117, எட்டையும் 117ஐயும் பெருக்கினால் 936. அரை நிமிட வேலை, ஆனால் தேர்வில் பல பிள்ளைகள் இதைச் செய்வதே இல்லை, அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

நீள் வகுத்தலில் போட்டாலும் 0க² எழுதியே ஆக வேண்டும். அங்கே இன்னொரு இடம் வழுக்கும், −7க-விலிருந்து −4க-வைக் கழிக்கும்போது −11க என்று எழுதிவிடுவார்கள், அது −3க.

மீதி வந்தாலே தப்பு என்றும் அவள் நினைத்துவிடக் கூடாது. நீளம், அகலம் கேட்கும் பாடக் கணக்குகளில் பெரும்பாலும் மீதியின்றி வகுபடும், பங்கு போடும் கணக்கில் அப்படி இல்லை. க² + 5க + 8 நோட்டுகளை க + 2 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு க + 3, மிச்சம் 2 நோட்டு. க = 10 என்றால் 158 நோட்டு, 12 பேர், ஆளுக்கு 13, கையில் 2 மிஞ்சும். ‘மீதி 2’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், ‘2 நோட்டுகள் மிஞ்சும்’ என்று கேள்வி கேட்டபடியே எழுதச் சொல்லுங்கள்.