ரசகுல்லா ரப்பர் மாதிரி வந்துச்சா? பாலை மாத்துங்க

எருமைப்பால்ல செஞ்சேன் ரப்பர் மாதிரி ஆயிடுச்சுன்னு கேட்டிருந்தீங்களே, தப்பு உங்க கைல இல்லங்க, பால்லதான். வங்காளத்துல சென்னா, அதாவது ரசகுல்லாவுக்குப் பாலைத் திரிச்சு எடுக்கிற பால்கட்டி, பசும்பால்லதான் செய்வாங்க, எருமைப்பால்ல கெட்டியாயிடும். பால் பொங்குனதும் அடுப்பை அணைச்சு 2 நிமிஷம் ஆறவிட்டு தண்ணி கலந்த எலுமிச்சைச் சாறை கொஞ்சங்கொஞ்சமா விடுங்க, திரிஞ்சு தண்ணி தெளிஞ்சா உடனே நிறுத்திடணும், பச்சைத்தண்ணில அலசி துணில அரை மணிநேரம் தொங்கவிடுங்க, பனீர் மாதிரி வெயிட் வைக்காதீங்க ப்ளீஸ். அப்புறம் உள்ளங்கையால 10 நிமிஷம் தேய்ச்சுப் பிசையணும், அதுதான் உயிரே. கல்கத்தா பாக்பஜார்ல நவீன் சந்திர தாஸ் 1868ல ரசகுல்லா செஞ்சதா வங்காளிங்க சொல்வாங்க, ஒடிசாக்காரங்க பூரி ஜெகந்நாதர் கோயில் பிரசாதம்பாங்க. 2017ல வங்காளத்துக்கு, 2019ல ஒடிசாவுக்குன்னு ரெண்டுக்குமே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அடுத்த தடவை அரை லிட்டர்ல மட்டும் ட்ரை பண்ணிட்டு எப்படி வந்துச்சுன்னு கண்டிப்பா சொல்லுங்க.