அரபு வீட்டுச் சமையலுக்குச் சாமான் வாங்குவது: கேள்வி-பதில்

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு லெபனான் அம்மா கொடுத்த ஸாத்தர் அப்படி மணந்தது. சூப்பர் மார்க்கெட்டில் அதே பெயரில் வாங்கிய பாக்கெட்டோ வெறும் புளிப்புத் தூள். விலை பாதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஸாத்தர்தானா?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட்டு, அந்த வரிசையிலேயே சேர்மானங்களை எழுத வேண்டும் என்பது விதி; இந்தியாவிலும் அப்படித்தான். ஸாத்தர் என்பது ஓர் இலையின் பெயர், அதில் எள் முதலியன கலந்த பொடிக்கும் அதே பெயர்; ஆகவே முதல் பெயர் அந்த இலையாக இருக்க வேண்டும். ஓரிகனோ இனத்துச் செடி அது. சில லேபிள்களில் 'தைம்' என்று போட்டிருப்பார்கள். அடுத்து எள், சுமாக் (ஒரு புளிப்பான சிவப்புக் காயின் தூள்), உப்பு. உங்கள் பாக்கெட்டில் கோதுமையோ தவிடோ முதலில் வந்து, கடைசியில் சிட்ரிக் ஆசிட் இருக்கும் என்று நினைக்கிறேன். சுமாக் விலை கூடிய சாமான். அதன் புளிப்பை மட்டும் சிட்ரிக் ஆசிட் மலிவாகக் கொடுத்துவிடும். நாக்கில் பட்டதுமே சுரீரென்று இழுத்துவிட்டு, பின்னால் ஒரு மணமும் இல்லாமல் போனால் அதுதான். சுமாக் காயின் புளிப்பு கொஞ்சம் தாமதமாக, பழவாசனையோடு வரும்.

அதற்காகக் கோதுமை என்று கண்டதுமே கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பாலஸ்தீன வீடுகளில் வறுத்த கோதுமையைப் பொடித்துச் சேர்ப்பதுண்டு. சிரியாவின் அலெப்போ நகரத்து ஸாத்தரில் கொண்டைக்கடலை, சீரகம், சோம்பு என்று ஒரு மளிகைக் கடையே இருக்கும். அதெல்லாம் ருசிக்காகச் சேர்ப்பது. ருசிக்கா எடைக்கா என்பதை அந்தச் சேர்மான வரிசையே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் ஊரில் மசாலாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இலையையும் சுமாக்கையும் தனித்தனியே வாங்கிக் கலந்துகொள்வதையே நான் சொல்வேன்: இலைத்தூள் 2 பங்கு, சுமாக் 1, வறுத்த எள் 1. உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். சுமாக்கை உப்புச் சேர்த்தே அரைத்து விற்பது வழக்கம். எள் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும்; கொஞ்சமாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: மாதுளைப் பாகு ஒரே அளவு பாட்டில், ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு. எதை வாங்க?

பதில்: மாதுளைச் சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சினால் பாகு. பாட்டில் பாட்டிலாகச் சாறு வற்றித்தான் ஒரு சின்ன பாட்டில் கிடைக்கும். விலைக்குக் காரணம் அதுதான். மலிவுப் பாட்டிலின் பின்பக்கத்தில் குளுக்கோஸ் சிரப், சிட்ரிக் ஆசிட், கேரமல் நிறம் எல்லாம் இருக்கும். முன்பக்கத்தில் 'சாஸ்' என்றோ 'மாதுளைச் சுவை' என்றோ சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கொஞ்சம் சர்க்கரையோ எலுமிச்சையோ இருந்தால் பாதகமில்லை, வீட்டில் காய்ச்சுகிறவர்களும் சேர்க்கிறார்கள். ஃபத்தூஷ் சாலட், குடைமிளகாயும் வால்நட்டும் அரைக்கும் முஹம்மரா போன்று பாகைச் சமைக்காமல் அப்படியே ஊற்றும் பண்டங்களுக்கு நல்லதை வாங்குங்கள். கறி வேகவைக்க மட்டும் என்றால் புளிக்கரைசலில் துளி வெல்லம் போட்டாலும் கிட்டே வந்துவிடும். அலெப்போக்காரர்களே புளி போட்டுச் சமைக்கிறவர்கள்தான்.

கேள்வி: தபூலே சாலட் செய்ய புர்குல் கேட்டால், சென்னைக் கடையில் சம்பா ரவையைக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார்கள்.

பதில்: ஒன்றில்லை. புர்குல் கோதுமையை முதலில் வேகவைத்து, காயவைத்து, பிறகு உடைத்தது. அதனால்தான் ஊறவைத்தாலே தின்னலாம். சம்பா ரவை பச்சைக் கோதுமை. ஊறவைத்துச் சாலட்டில் போட்டால் வயிறுதான் கேள்வி கேட்கும். அரபுக் கடைகளில் புர்குலுக்கு எண் போட்டிருக்கும்: 1 பொடி, 4 பருவெட்டு. தபூலேவுக்கு 1, சோறு போல வடிப்பதற்கு 3 அல்லது 4. தபூலேயில் பாதிக்கு மேல் பார்ஸ்லிதான் என்பதால் கால் கிலோவே தாராளம்.

கேள்வி: பாஸ்பூசாவுக்கு (பாகில் ஊறிய ரவை கேக்) அழகுசாதன அலமாரியில் இருக்கும் பன்னீரை ஊற்றலாமா?

பதில்: கூடாது. உணவுக்கு என்று லேபிளில் இருந்தால் மட்டும். ஆரஞ்சுப் பூ நீருக்கும் இதுவே. மொராக்கோ ஆர்கான் எண்ணெயிலும் இந்தப் பிரிவு உண்டு. சமையலுக்கானது கொட்டையை வறுத்துப் பிழிவது, பூசுவது வறுக்காதது.

கேள்வி: மராகேஷ் சந்தையில் வண்ண வண்ணமாகப் பூப்போட்ட, கூம்பு மூடியுள்ள தஜின் சட்டி வாங்கி வந்தேன். அடுப்பில் ஏற்றலாமா?

பதில்: பரிமாற வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காய்ந்த பண்டங்களுக்கு. அலங்காரத் தஜின்களின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஈயம் உணவில் இறங்கும்; தஜின் குழம்பிலோ ஊறிய எலுமிச்சையும் தக்காளியும்தான் வழக்கம். விற்றவர் "ஈயம் இல்லை" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. சமையலுக்கானது, ஈயமற்றது என்று உற்பத்தியாளர் எழுத்தில் தர வேண்டும்.

சமைக்க வேண்டுமானால் மெருகு பூசாத மண் தஜின் வாங்குங்கள். நம் மண்சட்டியைப் பழக்குவது போலத்தான்: தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, சின்னத் தீயில் சூடேற்ற வேண்டும். கேஸ் அடுப்பில் நேரே வைக்காமல் நடுவில் ஓர் இரும்புத் தட்டு. என்னைக் கேட்டால், விமானத்தில் அதைச் சுமந்து வருவதே தேவையில்லை. அடிகனமான பாத்திரமும் இறுக்கமான மூடியும் இருந்தால் கறி அதே பதத்தில் வெந்துவிடும்.

கேள்வி: மஸ்கட்டில் காய்ந்த எலுமிச்சை கறுப்பிலும் வெளுப்பிலும் விற்கிறது. மச்பூஸுக்கு (வளைகுடா மசாலாக் கறிச்சோறு) எது?

பதில்: இரண்டும் ஒரே பழம்தான், உப்புநீரில் போட்டுக் காயவைப்பது. கறுப்பில் வாசனை தூக்கல், வெளுப்பு கொஞ்சம் சாது. முதல் தடவை என்றால் வெளுப்பில் தொடங்குங்கள். கையில் லேசாக இருக்க வேண்டும், ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். ஓட்டையும் பூஞ்சையும் பார்த்து ஒதுக்குங்கள். இரண்டு இடத்தில் குத்திவிட்டுப் போடுங்கள், விதை கசக்கும். பொடியாக விற்பதை விட்டுவிடுங்கள், முழுசாக வாங்கினால் வருடக்கணக்கில் கிடக்கும்.