கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு என்ன பலகை? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

என் கிட்டார் அம்ப்ளிஃபயருக்கு ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று அடிக்கப் போகிறேன். ஸ்பீக்கர் கைவசம் உண்டு: செலஸ்டியன் விண்டேஜ் 30, 8 ஓம். பின்பக்கம் பாதி திறந்த பெட்டி. எங்கே கேட்டாலும் பால்டிக் பேர்ச் (birch) மரப் பிளைவுட்தான் என்கிறார்கள். கடையில் ‘பேர்ச்’ என்று காட்டியதை எப்படி நம்புவது என்று தெரியவில்லை, விலையும் கை சுடுகிறது. வீட்டுக்கு வேலைக்கு வரும் தச்சு பாஸ், பலாவிலோ தேக்கிலோ அடித்தால் காலத்துக்கும் கிடக்கும் என்கிறார். நண்பன் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும் என்கிறான். எதை, எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

ஆர்., வெள்ளவத்தை

தம்பிக்கு,

பெட்டி முழுவதற்கும் பேர்ச் தேடி அலைய வேண்டாம். அது கட்டாயம் நல்லதாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை. அம்ப்ளிஃபயர் கம்பனியான ஃபெண்டர் 1950களில் பைன் பலகையைப் பல் இணைப்பில் கோத்துத்தான் பெட்டி செய்தது, முன்பலகை மட்டும் மெல்லிய பிளைவுட். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி பேர்ச் பிளைவுட். இரண்டு ஒலியும் வேறுதான். ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும் பங்கு ஸ்பீக்கருக்கும், பின்பக்கம் மூடியா திறந்தா என்பதற்கும் உரியது. மரம் அதற்கு அடுத்துத்தான் வரும்.

முன்பலகையில் ஏன் இத்தனை கண்டிப்பு? உங்கள் ஸ்பீக்கருக்கு வெட்ட வேண்டிய வட்டம் 283 மி.மீ. போல்ட் துளைகள் அமையும் வட்டம் 297 மி.மீ. அதாவது துளையின் மையத்துக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையில் 7 மி.மீ.தான். துளையின் பாதியைக் கழித்தால் 4 மி.மீ. அளவுக்கு மரம் மிஞ்சும். அந்த இடத்தில் பிளைவுட்டின் உள் அடுக்கில் ஒரு பொந்து இருந்தால், டி-நட் (போல்ட்டைப் பிடிக்கப் பலகையில் பதிக்கும் பல் வைத்த நட்) பிடிக்காமல் சுற்றும், அல்லது விளிம்பு பிளந்துவிடும். 4.7 கிலோ ஸ்பீக்கர் அந்தப் பிடியில்தான் தொங்குகிறது. அது மட்டுமல்ல, பொந்துக்குள் தளர்ந்த அடுக்கு கீழ் ஈ கம்பியின் 82 ஹெர்ட்ஸ் வரும்போது ‘ர்ர்ர்’ என்று கூட அதிரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றுகிறவர்கள் உண்டு.

உண்மையான பேர்ச்சை ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 18 மி.மீ. தகட்டில் 13 அடுக்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 மி.மீ., எல்லாம் ஒரே வெளிர் நிறம். மேலும் கீழும் வெளுப்பாகவும் நடுவில் சிவந்த தடித்த அடுக்குகளாகவும் இருந்தால் அது பேர்ச் முகம் ஒட்டிய வேறு மரம். பேர்ச் பிளைவுட்டில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது; 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யப் பலகை இறக்குமதியைத் தடைசெய்ததிலிருந்து ‘பேர்ச்’ என்ற பெயரைத் தனியாக நம்புவதற்கில்லை. எடையும் காட்டிக்கொடுக்கும்: எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. பேர்ச் தகடு 36 கிலோ அளவில் வரும். ஒருவர் இலகுவாகத் தூக்கிச் சாய்த்தால் நடுவில் அல்பீசியா மாதிரியான மெல்மரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் பால்டிக் தகடு ஐந்தடிச் சதுரமாகவும், 1525 மி.மீ., வரும்.

பேர்ச் கிடைக்காவிட்டால், ஈரம் தாங்கும் நல்ல மரைன் பிளைவுட் தாராளமாகப் போதும். பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரித்தானியத் தரம்) என்று முத்திரை குத்தியிருந்தாலும் முத்திரையை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் ஒரு துண்டு கேளுங்கள். ஓரத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும் இடைவெளிகளை எண்ணுங்கள். தகட்டின் மேல் ஓர் அடிக்கு ஒருமுறை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை நாலு மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஆறியதும் உளியை அடுக்குக்குள் நுழைத்து நெம்புங்கள். மரம் நார் நாராகக் கிழிந்தால் பசை நல்லது. அடுக்கு வழுவழுவென்று பிரிந்தால் கடையை மாற்றுங்கள். கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருவைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கினால் ஒரு நாளில் இதை முடிக்கலாம்.

உங்களுக்கு முழுத் தகடு தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. பெட்டியின் வெளியளவு 500 அகலம், 450 உயரம், 280 ஆழம் (எல்லாம் மி.மீ.) என்று வைத்து, 18 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளளவு 464க்கு 414. ரெக்ஸினும் முன் துணியும் மடிந்து வரும் தடிப்புக்கு இடம் விட்டு முன்பலகையை 460க்கு 410 என்று வெட்டுங்கள். சரியாக 464 வெட்டிவிட்டு ரெக்ஸின் ஒட்டியபின் உள்ளே போகாமல் சீவுகிறவர்கள்தான் அதிகம். பின்பக்கத்துக்கு 460க்கு 130 அளவில் இரண்டு துண்டு, நடுவில் 154 மி.மீ. திறப்பு மிஞ்சும். இந்த மூன்றும் இரண்டடிக்கு நாலடித் துண்டு ஒன்றில் அடங்கும். துண்டாக விற்கும் கடையைத் தேடுங்கள், ஓட்டோவிலேயே கொண்டு வரலாம்.

சுற்றியுள்ள நான்கு பக்கத்துக்கு பைன். மலைநாட்டில் நட்டு வளர்த்த பைனஸ் இங்கே கிடைக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே நேராகப் போனால் மொரட்டுவை, மரக்காலைகள் நிறைந்த ஊர். சீசன் பண்ணின (காயவைத்த) பலகையா என்று கேளுங்கள், ஆனால் ‘ஓம்’ என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் அளக்கும் ஊசி மீட்டர் இருந்தால் பலகை நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே குத்திப் பாருங்கள், நுனி எப்போதும் கூடுதலாகக் காய்ந்திருக்கும். மீட்டர் இல்லையென்றால் தராசு போதும்: நடுவிலிருந்து அறுத்த துண்டை நிறுத்து, 103 பாகை செல்சியஸில் ‘அவன்’ (oven) அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிடுங்கள். 112 கிராம் 100 கிராம் ஆனால் ஈரப்பதம் 12 சதவீதம்.

கொழும்புக் காற்றில் திறந்து கிடக்கும் மரம் 14 முதல் 16 சதவீதத்தில் நிற்கும். ஏ.சி. அறையில் 10 பக்கம் இறங்கும். 280 மி.மீ. அகலப் பைன் பலகை 4 சதவீதம் இழந்தால் 2 முதல் 3 மி.மீ. சுருங்கும். எனவே பெட்டி இருக்கப்போகும் அறையிலேயே பலகைகளை இடையில் சட்டம் கொடுத்து அடுக்கி இரண்டு, மூன்று கிழமை விடுங்கள், வேலையை அதன்பிறகு தொடங்குங்கள். நான்கு பலகையிலும் மரத்தின் நார் ஓட்டம் பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். அப்போது நான்கும் ஒரே திசையில், முன்னும் பின்னுமாக, ஒன்றாக அசையும். ஒன்றை மட்டும் குறுக்கு ஓட்டத்தில் போட்டால் அடுத்த வருடம் அந்த மூலை வாய் பிளக்கும்.

பைனில் கணு இருக்கும், பயப்பட வேண்டாம். மரத்தோடு ஒன்றிய கணு நல்லது. கறுப்பு வளையம் சூழ்ந்தது செத்த கணு, சுருங்கும்போது உதிரும், உதிருமுன் அதிரும். பிசின் கட்டியிருக்கும் இடத்தை ஒதுக்குங்கள். பின்னேர வெயில் படும் அறையில் அது உருகி ரெக்ஸினைத் தூக்கிவிடும்.

மலிவாக வேண்டுமானால் இறக்குமதிப் பெட்டிகளுக்கு அடியில் வரும் பலெட் பைன். முத்திரையில் எச்.டி. (HT) என்றிருப்பதை எடுங்கள், எம்.பி. (MB) என்றிருப்பது மெத்தில் புரோமைடு புகையூட்டியது, அதை விடுங்கள். எச்.டி. என்பது உட்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சி கொன்றது என்பதற்குத்தான் அடையாளம், காயவைத்தது என்பதற்கு அல்ல. மூன்று பலகை பக்கவாட்டில் ஒட்டினால் 280 அகலம் வரும். சீவுளி வைக்குமுன் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி தேடுங்கள், இல்லையென்றால் மரக்காலைக்காரர் உங்களை மறுமுறை உள்ளே விடமாட்டார்.

எந்தப் பலகையாக இருந்தாலும் வெள்ளைக் கடதாசிமேல் நிறுத்தித் தட்டுங்கள். மா போன்ற தூள் விழுந்தால் உளுத்தல் தொடங்கிவிட்டது. ரப்பர் மரப் பலகையில் இது அடிக்கடி நடக்கும், போரான் மருந்து ஏற்றியது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

இனி உங்கள் பாஸ் சொன்னது. பலா நல்ல மரம்தான், கதவுக்கும் அலுமாரிக்கும். பெட்டியாகச் செய்தால் மேடைக்குத் தூக்குகிறவன் முதுகு கேட்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முகத்தை தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை பூச வேண்டும். மேலே ரெக்ஸின் ஒட்டி மூடப்போகும் பெட்டிக்குத் தேக்கு வாங்குவது வீண் செலவு. பளபளப்பாக மரம் தெரிய வைக்க ஆசையென்றால் கினிசபு என்று விற்கும் சண்பகம் கேட்டுப் பாருங்கள்.

எம்.டி.எஃப். வேண்டாம். பைனைவிடக் கனம், ஓரத்தில் திருகினால் பிளக்கும், ஒரு மழைநாளில் ஈர நிலத்தில் வைத்தால் கீழ்ப்பக்கம் பிஸ்கட் மாதிரி ஊதும், ஊதியது திரும்பாது.

அளவு கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். பல் இணைப்பு என்றால் மேல், கீழ் 500, பக்கங்கள் 450. வெறுமனே முட்டவைத்து ஒட்டித் திருகுவதென்றால் பக்கங்கள் 414. பாஸிடம் இதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். முன்பலகைக்குப் பின்னால் 20 மி.மீ. சதுரச் சட்டம் நாலு பக்கமும் பசையோடு வரவேண்டும். டி-நட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், போல்ட்டும் வாஷரும் போட்டு முறுக்கி உள்ளே இழுங்கள். பெட்டியின் உட்புறத்துக்கும் ஒரு பூச்சு சீலர் அடியுங்கள். வெளியே மட்டும் மூடி உள்ளே பச்சையாக விட்டால் பலகை ஒருபக்கமாக ஈரம் குடித்து வளையும்.

எல்லாம் பூட்டியதும் ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டரை (ஒரே சுருதி எழுப்பும் செயலி) அம்ப்ளிஃபயர் வழியாகப் போட்டு 80இலிருந்து 400 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்காவது அதிர்ந்தால் உள்ளங்கையால் பின்பலகை, பக்கம், கைபிடி என்று ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கே ஒரு திருகு அல்லது ஒரு குறுக்குக் கட்டை.