கேம் பாய்: கேளுங்கள், சொல்கிறேன்

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவிகளான கேம் பாய் குடும்பத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

முதன்முறையாக ஒரு பழைய கருவி வாங்கப் போகிறேன். எதை வாங்கலாம்?

கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி. 2003-இல் வந்த மடிப்பு மாடல். முதல் கேம் பாய், கலர், அட்வான்ஸ் என்று மூன்று தலைமுறை கார்ட்ரிட்ஜ்களும் (ஆட்டம் அடங்கிய, செருகும் சிறு பெட்டிகள்) இதில் ஓடும். பேட்டரியை சார்ஜ் செய்துகொள்ளலாம், மடித்துச் சட்டைப் பையிலும் போட்டுக்கொள்ளலாம்.

எஸ்பியில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்ததில் திரையின் முன்பக்கத்திலிருந்து ஒளி விழும். நிறங்கள் வெளிறித் தெரியும். பின்னால் வந்த ஏஜிஎஸ்-101 என்ற மாடலில் பின்னொளி இருக்கிறது, படம் பளிச்சென்று தெரியும். விலையும் அதற்கேற்றபடி கூடுதல். பின்பக்க ஒட்டுத்தாளை மட்டும் நம்பாதீர்கள், வெளிக்கூட்டை மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். கருவியை இயக்கி, வெளிச்சப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒளி முழுவதும் அணைந்தால் பழைய வகை. அணையாமல், பிரகாசம் மட்டும் கூடிக் குறைந்தால் நீங்கள் தேடும் வகை.

நிண்டெண்டோவின் பிந்தைய கைக்கருவியான டிஎஸ் இருக்கிறது. அதிலேயே இவற்றை ஆட முடியாதா?

டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் ஓடும். அதற்கு முந்தையவை ஓடாது.

முதல் கேம் பாயின் திரையில் விளக்கே இல்லையே, ஏன் இப்படிச் செய்தார்கள்?

தெரிந்தேதான் செய்தார்கள். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய், ஏற்கெனவே பழகி விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். 1989-இல் கேம் பாய் வந்தபோது அதன் திரையில் 160-க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். ஆனால் நான்கு ஏஏ பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடலாம். அடுத்த ஆண்டு வந்த போட்டி நிறுவனமான சேகாவின் கேம் கியர் கருவியில் வண்ணமும் பின்னொளியும் இருந்தன. ஆறு பேட்டரிகள் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்தன. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் கியர்தான் கண்ணைக் கவரும். பேருந்தில் நெடுந்தூரம் போகிறவனுக்குக் கைகொடுப்பது கேம் பாய். சந்தையும் அதன் பக்கம்தான் சாய்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் விழும்படி லேசாகச் சாய்த்துப் பிடித்து ஆடிப் பாருங்கள்.

அண்ணா, என் முதல் கேம் பாய் திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் விழுந்துவிட்டன. திரையை மாற்றிவிடவா?

அவசரப்படாதே தம்பி. கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டை காலப்போக்கில் பிடிப்பு விட்டிருக்கும். வெளிக்கூட்டைக் கழற்றி, சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் வைத்து, அந்தப் பட்டையின்மேல் மெதுவாக நகர்த்தினால் கோடுகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். அழுத்தாதே, ஒரே இடத்தில் நிறுத்தாதே. படுத்த கோடுகள் விழுந்தால் இந்த வைத்தியத்தில் இறங்காதே. பக்கவாட்டு இணைப்பு எளிதில் கெட்டுவிடும்.

பேட்டரி அறையில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது.

கசிந்த பேட்டரியின் காரம் உலோகத்தை அரித்திருக்கிறது. பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். இனிமேல் ஆடி முடித்ததும் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

போகிமான் கோல்ட் ஆட்டத்தைச் சேமித்துவைத்தால் மறுநாள் காணவில்லை. கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டதா?

கார்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. அந்தக் காலத்துப் பல ஆட்டங்களில், சேமித்தவற்றை நினைவில் வைத்திருப்பது ஒரு சிறிய பொத்தான் பேட்டரிதான். கோல்ட், சில்வர் இரண்டிலும் நேரம் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரூபி, சஃபையர் போன்ற அட்வான்ஸ் ஆட்டங்களில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் சேமித்தது அழியாது.

மாற்றுவது கடினமில்லை. கேம்பிட் என்ற, இந்தக் கார்ட்ரிட்ஜ் திருகுகளுக்கான 3.8 மி.மீ. திருப்புளியால் திறந்து, உலோகக் கால் பற்றவைத்த சிஆர்2025 பேட்டரியை அதே துருவம் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். டேப் போட்டு ஒட்டாதீர்கள், நிற்காது. இன்னும் உயிரோடு இருக்கும் பேட்டரியாக இருந்தால், கழற்றுவதற்கு முன் கார்ட்ரிட்ஜ் ரீடர் வழியாகச் சேமித்ததைக் கணினிக்கு எடுத்துவையுங்கள். கழற்றிய நொடியில் எல்லாம் போய்விடும். சிறு வயதில் பெயர் வைத்து வளர்த்த போகிமான்கள் உள்ளே இருந்தால், இந்த வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பழைய கருவிபோல் நடந்துகொள்ளும் மென்பொருளில் ஆட்டங்களை ஓட்டும், இப்போது வரும் எமுலேட்டர் கருவிகளில் ஆடுவது தவறா?

தவறில்லை. கையில் இருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே நகலெடுத்து ஆடுங்கள் என்பதுதான் என் நிலைப்பாடு. படத்தை முழுத் திரைக்கும் இழுக்காதீர்கள். 640-க்கு 480 திரையில் கேம் பாய் படத்தைச் சரியாக மூன்று மடங்கு பெரிதாக்கினால் 480-க்கு 432. சுற்றிலும் கறுப்பு விளிம்பு நிற்கும், ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்கும். அமைப்புகளில் முழு எண் மடங்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2021-இல் வந்த அனலாக் பாக்கெட் என்ற கைக்கருவியின் திரை 1600-க்கு 1440, அதாவது சரியாகப் பத்து மடங்கு. அசல் கார்ட்ரிட்ஜையே செருகி ஆடலாம்.

எட்டு வயது மகளுக்கு எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

கிர்பீஸ் டிரீம் லேண்ட். 1992-இல் வந்தது, சிறியது, புதியவர்களை மிரட்டாது. அது முடிந்ததும் 1994-இல் வந்த டாங்கி காங். ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்தில், பார்த்த நான்கு கட்டங்கள் முடிந்து, இவ்வளவுதானா என்று நினைக்கும்போது உண்மையான ஆட்டம் தொடங்கும். புதிருக்குப் புதிர் யோசிக்கவைக்கும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள்.

ஒலி மிகவும் சன்னமாகக் கேட்கிறதே?

ஹெட்போன் மாட்டுங்கள். கருவியின் ஒலிபெருக்கி மோனோ. ஹெட்போனில்தான் ஸ்டீரியோ வரும். நான்கே ஒலித்தடங்களை வைத்து இடமும் வலமுமாக எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரியும். எஸ்பியில் ஹெட்போன் துளை கிடையாது. அதற்கென்று தனி அடாப்டர் வாங்க வேண்டும்.