உறுமி கேட்டால் சிலிர்ப்பு, கைப்பேசியில் கேட்டால் ஏன் இல்லை?

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் உறுமி மேளம் கேட்டால் உடம்பு சிலிர்த்து, கால் தானாக ஆடுகிறது. அதையே பதிவு செய்து வீட்டில் கைப்பேசியில் போட்டால் ஒன்றுமே இல்லை. என் கணவருக்கோ எந்தப் பாட்டிலும் நாட்டமில்லை. குறை யாரிடம்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதல் குறை கைப்பேசியிடம். நகமளவு ஒலிபெருக்கியில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வராது. உறுமியின் ஒரு முகத்தில் வளைகுச்சி தேய்த்து எழுப்பும் முனகல்தான் அதன் உயிர். அது மெலிந்துபோய் மறுமுகத்தின் 'டக் டக்' மட்டும் மிஞ்சுகிறது. தாழ்ந்த ஒலி காதோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கூடும் அதிரும். 2022இல் வெளியான ஆய்வில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு கச்சேரியில், காதுக்குப் பிடிபடாத தாழ்வொலியை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். போட்டபோது கூட்டத்தின் அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியது.

அடுத்தது எதிர்பார்ப்பு. பிறந்து இரண்டு மூன்று நாளேயான சிசுவின் மூளைகூட, தூக்கத்திலேயே, தாளத்தின் முதலடி விடுபட்டால் கண்டுகொள்கிறது. சிலிர்ப்பின் உச்சத்தில் மட்டுமல்ல, அதற்காகக் காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் டோபமைன் என்ற இன்ப வேதிப்பொருள் சுரக்கிறது என்று 2011இல் மான்ட்ரியல் ஆய்வு காட்டியது. ஒரே பதிவை நாற்பது தடவை ஓட்டினால் காத்திருக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது கூட்டம். உளவியலாளர் ராபின் டன்பார் குழுவின் 2012 ஆய்வில், பாடி, ஆடி, மேளம் அடித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் உயர்ந்தது. சும்மா கேட்டவர்களுக்கு உயரவில்லை. (காவடிக்கு முன்னால் உறுமி போவது வீணல்ல.) துணையைக் கவரவே இசை பிறந்தது என்றார் டார்வின், 1871இல். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கருக்கோ அது பரிணாமத்தின் உபரி. கூட்டத்தைப் பிணைக்க வந்தது என்பதே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: காதை முழுக்க மூடும் ஹெட்போன் போடுங்கள், இடைவெளி இருந்தால் பேஸ் கசிந்துவிடும். சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஒலிபெருக்கி) இருந்தால் சுவர் மூலையில் வையுங்கள், பேஸ் கூடும். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உட்காராமல் எழுந்து நின்று, நாலு பேர் சேர்ந்து தட்டுங்கள். ஆனால் சத்தத்துக்கு எல்லை உண்டு: 85 டெசிபெல்லை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100இல் 15 நிமிடம்தான். மேளத்தை ஒட்டி நடப்பவர்கள் காதடைப்பான் போடுவது நல்லது.

கணவர் விஷயம்: காதும் நன்றாக இருந்து, மற்ற ஆசைகளும் குறையாமல், இசை மட்டும் இனிக்காதவர்கள் உண்டு என்று 2014இல் பார்சலோனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது நோயல்ல, விட்டுவிடுங்கள். முன்பு ரசித்தவருக்குத் திடீரென்று பாட்டு பாத்திரம் உருள்வதுபோலக் கேட்டால் கதை வேறு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.