‘நிரூபிக்கப்படும் வரை நிரபராதி’ என்பது நீதிமன்றத்துக்குத்தானே, நமக்கு என்ன?

சட்டப்படி அது அரசையும் நீதிமன்றத்தையும்தான் கட்டுப்படுத்துகிறது, உண்மை. ஆனால் அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால், நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

1935இல் இங்கிலாந்தில் உல்மிங்டன் வழக்கு. துப்பாக்கி தவறுதலாக வெடித்து மனைவி இறந்துவிட்டாள் என்றான் 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி. விபத்து என்பதை அவனே நிரூபிக்க வேண்டும் என்று விசாரணை நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு என்றது.

இணையத்தில் இந்தச் சுமை மறுபடியும் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்ட இரவே, காணாமல்போயிருந்த ஒரு மாணவரின் படத்தை அவற்றோடு ஒப்பிட்டு, ‘இவன்தான்’ என்று ரெடிட்டிலும் ட்விட்டரிலும் முடிவு கட்டினார்கள். அவரைத் தேடிக் குடும்பத்தார் நடத்திவந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசவுகள் குவிந்தன. தாங்காமல் அதை மூடினார்கள். மூடியதையே சந்தேகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே போலீஸ் தேடுவது வேறு இருவரை என்று தெரிந்தது. சில நாட்களில் அந்த மாணவரின் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாதவர். மறுப்புச் சொல்லக்கூட உயிரோடு இல்லை.

அந்தப் பக்கத்தை மூடிய விஷயம்தான் என்னை மிகவும் உலுக்குகிறது. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 20(3)ஆவது பிரிவு. இணையத்திலோ பேசாவிட்டால் குற்றவாளி, பேசினால் சமாளிக்கிறான், விலகினால் ஓடி ஒளிகிறான்.

‘அப்படியானால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?’ என்பீர்கள். நிச்சயமாக இல்லை. புகாரையே வாங்காமல் திருப்பி அனுப்பும் காவல் நிலையங்கள் இருக்கும்போது, வெளியே சொல்வதுதான் பலருக்கு ஒரே வழி. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், வழக்குப் பதியச் சொல்லிக் குரல் கொடுங்கள். குழந்தைகளுக்கு எதிரான கடும் பாலியல் குற்றங்களில் போக்சோ சட்டமே சாட்டப்பட்டவர் குற்றம் செய்ததாக அனுமானிக்கிறது. ஆனால் அங்கும் அவருக்கு வக்கீல் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. நான் எதிர்ப்பது, விசாரணை தொடங்கும் முன்பே சாட்டப்பட்டவரின் வீட்டு முகவரியையும் பிள்ளைகளின் படங்களையும் பரப்புவதை, வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி முதலாளிக்கு எழுதுவதை. பிறகு அவர் விடுதலையானால், அன்று பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பையும் பகிர்கிறார்கள்?