அரசின் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் ஏன் வேண்டும்?

ஒரு மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை இருந்தால் அது கட்டற்ற மென்பொருள் ஆகும். மூலநிரல் என்பது கணினிக்காக மனிதர் எழுதிய கட்டளைகள். 1983 இல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், முழுவதும் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தபோது இவ்வெண்ணம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது.

வெள்ளவத்தைக் கடையில் வாங்கும் கறித்தூளில் மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. சரக்கை நாமே வறுத்து மில்லில் அரைப்பித்தால் உறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கறித்தூள் பிழைத்தால் ஒரு வேளைச் சாப்பாடுதான் கெடும். ஆனால் வரியையோ ஓய்வூதியத்தையோ கணக்கிடும் நிரலை எவரும் பார்க்க முடியாதபோது, ஒருவருடைய விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை அவர் மட்டுமல்ல, கருமபீடத்தில் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரும் விளக்க முடியாமற் போகலாம். சட்டம் வர்த்தமானியில் வெளியாகிறது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நிரல் மட்டும் மறைந்திருப்பது முறையல்ல என்பதே என் உறுதியான கருத்து.

திறந்த நிரல் பிறருக்கும் பயன்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கட்டற்றதாக இருந்ததால், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பயன்பட்டது.

மூலநிரலை வெளியிட்டால் மக்களின் சொந்தத் தகவல்களும் வெளியாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நிரல் வேறு, அது கையாளும் தரவு வேறு என்பதால், முன்னதைத் திறந்து வைத்துக்கொண்டே பின்னதைப் பூட்டி வைக்கலாம்.